வான்கோழிக் கொட்டகையும் எங்க சித்தப்பா தென்னந்தோப்பும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. பத்து மணி வரைக்கும் தூங்கலாம்னு கனவோட படுத்திருந்தவனை ஏழு மணிக்கே எழுப்பிவிட்டார் சித்தப்பா. ஊர்ல இருந்து போன்.

"டேய் தம்பி, நீ இன்ஜினியரிங்தான படிச்ச? பாப்கேட் ஒண்ணு விலைக்கு வருது. வாங்கிப் போட்டா தோதுப்படுமா, இல்ல பழைய ஜேசிபியா பாத்து எடுத்துருவமா?"

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். பொழப்பு பொட்டி தட்டுறது. பக்கெட்டுன்னா எனக்குத் தெரிஞ்சது குளிக்கிற பக்கெட்தான். இதைச் சொன்னா "அதுவும் மிஷினுதானடா"ம்பார். பாத்துச் சொல்றேன் சித்தப்பான்னு போனை வச்சிட்டு கூகிளாண்டவர்கிட்ட சரணடைஞ்சேன். விலை, குதிரைசக்தி, டீசல்னு தேட ஆரம்பிச்சவன், ராத்திரி ரெண்டு மணிக்கு 1957-ஆம் வருஷத்து அமெரிக்க வான்கோழிப் பண்ணை ஒண்ணுல போய் நின்னுட்டிருந்தேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க மக்கா.

மொதல்ல தோப்பைப் பத்திச் சொல்லிடறேன். சித்தப்பா வீடு ராஜபாளையத்துல. தோப்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேக்க, செண்பகத்தோப்பு போற பக்கம், மலையடிவாரத்துல. அஞ்சு ஏக்கர் தென்னை. இருபத்தஞ்சு அடிக்கு ஒரு கன்னுன்னு தாத்தா வச்சது. ஏக்கருக்கு எழுபது மரம், மொத்தம் முன்னூத்தம்பது சொச்சம். அதுல நாப்பது மரம் இப்ப பட்டுப்போய் மொட்டையா நிக்குது. பட்ட மரத்தை அப்படியே விடக்கூடாது. காண்டாமிருக வண்டு மக்குன தென்னந்தண்டுலயும் எருக்குழியிலயும்தான் முட்டை போடும். அங்க வளர்ற வண்டு பக்கத்துல நிக்கிற நல்ல மரத்தோட குருத்தைத் துளைக்கும். அது போட்ட ஓட்டை வழியா சிவப்புக் கூன்வண்டு உள்ள போனா மரமே காலி. அதனால நாப்பதையும் தூரோட எடுத்தாகணும்.

தாத்தா காலத்துல இதுக்கு கோடாலி, கடப்பாரை, மம்பட்டி, ஒரு ஜோடி மாடு, நாலு ஆள் போதும். இப்ப அந்த நாலு ஆள் கிடைக்கல. அதான் மிஷின்.

இங்க ஒரு சிக்கல். தோப்புக்குள்ள போற வண்டிப்பாதையில, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மாமரம். சப்பட்டை மாம்பழம் தெரியும்ல, ராஜபாளையத்துக்காரங்க உசிரை விடுற ரகம், அதுதான். தாத்தாவோட அப்பா வச்சதுன்னு அப்பத்தா சொல்லும். மாட்டுவண்டி போற அளவுக்கு ஆறடி இடைவெளி விட்டிருக்காங்க. ஜேசிபி அகலம் ரெண்டேகால் மீட்டர், அதாவது ஏழடிக்கு மேல. அது உள்ள வரணும்னா ஒரு மாமரம் சாயணும். அப்பத்தா "என்னைச் சாச்சுட்டு அதைச் சாயி"ன்னு உக்காந்திருச்சு.

சரி, பாப்கேட்டுக்கு வருவோம். இந்த வண்டியோட உண்மையான பேர் ஸ்கிட் ஸ்டீர் லோடர். பாப்கேட்ங்கிறது ஒரு கம்பெனியோட பிராண்டு பேர், வட அமெரிக்கக் காட்டுப்பூனை ஒண்ணோட பேரு. நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி வண்டின்னாலும் 'பாப்கேட்'தான், பேப்பர் நகல் எடுத்தா 'ஜெராக்ஸ்' மாதிரி.

அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துல ராத்சேன்னு ஒரு சின்ன ஊர். லூயி கெல்லர், சிரில் கெல்லர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் அங்க வெல்டிங் பட்டறை வச்சிருந்தாங்க. விவசாயிங்க கொண்டுவர்ற கலப்பை, டிராக்டரை ஒட்டுப் போட்டுக் குடுக்கிற பட்டறை. எட்டி வேலோன்னு ஒரு வான்கோழிப் பண்ணைக்காரர் அவங்ககிட்ட வந்தார். அவரோட கொட்டகை ரெண்டு மாடி. உள்ள வரிசையா தூண். வான்கோழி எருவை வாரணும். டிராக்டர் உள்ள போனா தூணுக்கு நடுவுல திரும்பாது, மாடியில ஏத்தினா தளம் தாங்காது. ஆளை வச்சு வாரினா கட்டுப்படியாகல. "சின்னதா, எடை கம்மியா, நின்ன இடத்துலயே திரும்புற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கப்பா"ன்னு கேட்டிருக்கார்.

கெல்லர் சகோதரர்கள் 1957 பிப்ரவரியில அதைச் செஞ்சு குடுத்தாங்க. மூணு சக்கரம். முன்னாடி ரெண்டு சக்கரத்துக்குத்தான் இன்ஜின் ஓட்டம். பின்னாடி ஒத்தைச் சக்கரம், ஆபீஸ் நாற்காலிக்கு அடியில இருக்குமே, அந்த மாதிரி தன்னால சுத்துறது. மொதல்ல பெல்ட்டும் கப்பியும் வச்சு ஓட்டிப் பாத்தாங்க. பெல்ட் வழுக்கிச்சு, சீக்கிரம் தேஞ்சது. அப்புறம் ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி கிளட்ச் வச்சாங்க. இடது பக்கம் முன்னாடி, வலது பக்கம் பின்னாடின்னு ஒரே நேரத்துல ஓட்டலாம். வண்டி பம்பரமாச் சுத்தும். 

மார்க்கெட்டிங் எப்படி நடந்துச்சுன்னா, இவங்களோட உறவுக்காரர் ஒருத்தர் மெல்ரோன்னு ஒரு விவசாயக் கருவிக் கம்பெனிக்கு டீலர். அவர் சொல்லி, 1958-ல மின்னசோட்டா மாநிலப் பொருட்காட்சியில மெல்ரோ கடையில இந்த வண்டியை வச்சாங்க. கூட்டம் அள்ளிச்சு. மெல்ரோக்காரங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் வடக்கு டகோட்டாவுல க்வின்னர்ங்கிற தங்களோட ஊருக்கே வேலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. 1960-ல அந்தப் பின் ஒத்தைச் சக்கரத்தை எடுத்துட்டு நாலு சக்கரத்துக்கும் ஓட்டம் குடுத்து எம்-400 வந்தது. இன்னைக்கு நாம பாக்கிற ஸ்கிட் ஸ்டீரோட மூதாதை அதுதான். 1962-ல பாப்கேட்னு பேர் வச்சாங்க. கம்பெனி 1969-ல கிளார்க், 1995-ல இங்கர்சால் ராண்ட், 2007-ல கொரியாவோட டூசான்னு கை மாறி, 2019-ல நம்ம கும்மிடிப்பூண்டியில ஆலை வச்சிருக்கு. வெல்டிங் பட்டறைக்காரங்க ரெண்டு பேரையும் 2023-ல அமெரிக்காவோட தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றத்துல சேத்தாங்க. எடிசன் இருக்கிற அதே பட்டியல்!

இப்ப டெக்னிக்கலா கொஞ்சம் மொக்கை போடறேன். இந்த வண்டியோட சக்கரம் எதுவும் இடது வலது திரும்பாது. நாலுமே நேராத்தான் நிக்கும். இடது பக்க ரெண்டு சக்கரம் ஒரு ஜோடி, வலது பக்க ரெண்டு ஒரு ஜோடி. ஒரு பக்கம் வேகமாவும் மறுபக்கம் மெதுவாவும் ஓடினா வண்டி திரும்பித்தான் ஆகணும். ஆனா சக்கரம் நேரா நிக்கிறதால அது உருண்டு திரும்ப முடியாது, தரையில வழுக்கிச் சறுக்கித்தான் திரும்பும். பேர்லயே 'ஸ்கிட்' இருக்கு. சுலபமாச் சறுக்கணும்னா எடை எல்லாச் சக்கரத்துலயும் சமமா இருக்கக் கூடாது. பக்கெட் காலியா இருக்கிறப்ப நூத்துக்கு எழுபது பங்கு எடை பின்சக்கரத்துல. முன்சக்கரம் லேசா இருக்கிறதால அது சறுக்கும். பக்கெட்ல சுமை ஏறினா எடை முன்னாடி போயிடும், பின்சக்கரம் சறுக்கும்.

இதைப் படிச்சப்ப எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு. ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர். ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஏறி வர்ற பெரிய தேர். சின்ன வயசுல தெற்கு ரத வீதி முக்குல அப்பா தோள்மேல உக்காந்து பாத்திருக்கேன். வடம் புடிக்கிறவங்களைத்தான் எல்லாரும் பாப்பாங்க. எனக்கு மட்டும் சக்கரத்துக்குப் பக்கத்துலயே நடந்து வர்ற ஆளுங்க மேல கண்ணு. கையில முட்டுக்கட்டை வச்சிருப்பாங்க. தேர் ஓட ஓட, சக்கரத்துக்கு அடியில டக்னு செருகி, டக்னு உருவுவாங்க. ஒரு நொடி பிசகினா கை போயிடும்.

தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரம் நேராத்தான் நிக்கும், அச்சும் திரும்பாது. பின்ன முக்குல எப்படித் திரும்புது? திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டையைக் குடுத்து நிறுத்துவாங்க. மறுபக்கம் வடம் இழுக்க இழுக்க ஓடும். ஒரு பக்கம் நின்னு ஒரு பக்கம் ஓடினா மொத்தத் தேரும் தரையில சறுக்கித் திரும்பும். நூறு டன் கணக்குல எடை இருக்கிற திருவாரூர் ஆழித் தேருக்கு முக்குல இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, அதுமேல சறுக்க விடுவாங்க. அந்தத் தேருக்கு திருச்சி பெல் ஹைட்ராலிக் பிரேக் பண்ணிக் குடுத்திருக்கு. பின்னாடி இருந்து தள்ள புல்டோசரும் நிக்கும். புல்டோசரும் ஒரு பக்கச் சங்கிலியை நிறுத்தித் திரும்புற ஜாதிதான்.

ராத்சே பட்டறைக்காரங்க ரெண்டு கிளட்ச் வச்சுச் செஞ்ச காரியத்தை நம்ம ஆளுங்க கட்டையாலயும் கயித்தாலயும் எத்தனையோ தலைமுறையாச் செஞ்சிட்டிருக்காங்க. உடனே "எல்லாம் நாமதான் கண்டுபுடிச்சோம்"னு வாட்ஸப் பார்வர்ட் ஆக்கிடாதீங்க சாமிகளா :-) நான் சொல்ல வந்தது வேற. தேர் திரும்பின இடத்துல தேரோட்டம் முடிஞ்சப்புறம் ரோட்டைப் பாத்திருக்கீங்களா? தார் பேத்துக்கிட்டுக் கிடக்கும். சறுக்கித் திரும்புற எதுவும் தரையைச் சுரண்டாமத் திரும்பாது.

வேலோவோட கொட்டகையில இது பிரச்சனையே இல்ல. அங்க இருந்தது தளம். அடியில வேர் கிடையாது. தென்னந்தோப்பு அப்படியா? தென்னைக்கு ஆணிவேர் இல்ல. தூர்ல இருந்து நூல் நூலா ஆயிரக்கணக்குல வேர் கிளம்பி, பெரும்பாலும் ஆறேழு அடி சுத்தளவுக்குள்ள, மேல்மண்ணுலயே படர்ந்திருக்கும். அதனாலதான் ஆறடி ஆரத்துல வட்டப்பாத்தி போட்டு உரம் வைக்கிறோம். இருபத்தஞ்சு அடி இடைவெளியில ரெண்டு பக்கமும் ஆறாறு அடியைக் கழிச்சா நடுவுல பதிமூணு அடி. அதுக்குள்ள நேராப் போய் நேரா வந்தா நல்லது. வித்தை காட்டுறேன்னு மரத்தடியில பம்பரம் விட்டா மேல்வேரும் சொட்டுநீர்க் குழாயும் சேந்து சுருட்டிக்கும். மழை பெஞ்ச மறுநாள்னா கேக்கவே வேணாம். அடிவாரத்துச் செம்மண்ணாவது பரவால்ல, கிழக்க கரிசல் காட்டுல இந்த வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கும்.

அடுத்தது எடை. இதுக்கு எனக்கு கால்குலேட்டர் போதும். அம்பதடி தென்னை, அதாவது 15 மீட்டர். சராசரி விட்டம் 30 சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம். கன அளவு ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஈரத்தண்டு கிட்டத்தட்ட ஒரு டன் வரும். சித்தப்பாவுக்கு விலைக்கு வந்தது எஸ்-70ங்கிற குட்டி மாடல். அகலம் மூணடிதான், மாமரத்துக்கு நடுவுல சிரிச்சுக்கிட்டே போகும். வண்டி எடை 1.3 டன் போல. ஆனா பத்திரமாத் தூக்கக்கூடிய சுமை சுமார் 340 கிலோ. இந்தக் கணக்கை எப்படிப் போடறாங்கன்னா, எவ்வளவு எடை ஏத்தினா வண்டி முன்பக்கமாக் குப்புற விழுமோ, அதுல பாதி. டயர் வண்டிக்கு பாதி. ரப்பர் டிராக் போட்டதுக்கு நூத்துக்கு முப்பத்தஞ்சு. விக்கிறவன் குப்புற விழுற எடையைச் சொல்லி ஏமாத்தப் பாப்பான், மிஷின் வாங்கப் போறவங்க இதை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆக, முழு மரத்தைத் தூக்க முடியாது. ரம்பம் போட்டு பத்தடி பத்தடியா அறுத்தா துண்டு 200 கிலோ. தாராளமாத் தூக்கும். எரு அள்ள, மட்டை தள்ள, மண் மட்டம் பண்ண எல்லாம் அருமை. ஆனா தூர் பறிக்கணுமே? அதுக்குப் பின்னால இருந்து தோண்டி இழுக்கிற கை வேணும். பாப்கேட்டுக்கு இருக்கிறது முன்கை மட்டும்தான். ஜேசிபிக்கு ரெண்டும் உண்டு. எடையும் ஏழு டன்னுக்கு மேல, அசையாம நின்னு புடுங்கும்.

ஜேசிபின்னதும் அதோட பொறப்பையும் சொல்லிடறேன். ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட், பேரோட முதலெழுத்துதான் ஜேசிபி. (இங்கயும் ஒரு சிரில்!) 1945-ல இங்கிலாந்துல உட்டாக்சிட்டர்ங்கிற ஊர்ல ஒரு சின்ன கேரேஜ்ல ஆரம்பிச்சவர். மொதல்ல செஞ்சது விவசாயிங்களுக்கான டிப்பர் டிரெய்லர். முன்கை பின்கை ரெண்டும் உள்ள வண்டியை 1953-ல கொண்டுவந்தார். இந்தியாவுல 1979-ல எஸ்கார்ட்ஸோட சேந்து பல்லப்கர்ல ஆலை போட்டாங்க. அப்புறம் தினத்தந்தியில தினமும் வர்ற 'பொக்லைன் எந்திரம்'? அது போக்லான்ங்கிற பிரெஞ்சுக் கம்பெனி. ஜார்ஜ் பட்டாய்னு ஒருத்தர் நடத்தின விவசாயக் கருவிப் பட்டறையா ஆரம்பிச்சு, 1951-ல ஹைட்ராலிக்கால தோண்டுற எந்திரம் செஞ்சாங்க. 1970-கள்ல எல் அண்ட் டி அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்துச்சு. கம்பெனியோட தோண்டுற எந்திரத் தொழில் கேஸ்ங்கிற அமெரிக்கக் கம்பெனிகிட்டப் போயாச்சு, பேர் மட்டும் தமிழ்ல தங்கிடுச்சு.

மூணையும் சேத்துப் பாத்தா வேடிக்கையா இருக்கு. மூணுமே விவசாயிக்கு ஒட்டுப் போட்டுக் குடுத்த பட்டறையில பொறந்தது. ஆனா நம்ம பக்கம் வந்தது ரோடு, பாலம், கட்டட வேலை வழியா. திருமங்கலம் - கொல்லம் ரோட்டுல நாலுவழிச்சாலை வேலை ஆரம்பிச்சப்புறம் எங்க பக்கம் புளியமரமும் தென்னையும் சாயறதைப் பாத்துத்தான் ஜனங்களுக்கு இந்த வண்டியெல்லாம் அத்துப்படி ஆச்சு. கட்டட வேலைக்கு மரம் ஒரு தடங்கல். தோப்புக்காரனுக்கு நிக்கிற மரம்தான் முதல். விக்கிறவங்க குடுக்கிற அட்டையில எவ்வளவு தூக்கும், எவ்வளவு தோண்டும்னு இருக்குமே தவிர, எந்த மரத்தை விட்டுவைக்கும்னு இருக்காது.

மாமரத்து விஷயத்துல அப்பத்தாவுக்குத் துணையா இன்னொரு கட்சியும் இருந்துச்சு. நரை அணில். செண்பகத்தோப்புல அதுக்குன்னே 1988-ல சரணாலயம் அறிவிச்சாங்க, 2021-ல அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துல சேந்துச்சு. இந்த அணில் முடிஞ்சவரை தரைக்கு இறங்காது. கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். கிளையும் கிளையும் தொட்டுக்கிட்டு இருக்கணும், நடுவுல ஒரு மரம் போனாலும் பாதை அறுந்துடும். எங்க ரெண்டு சப்பட்டை மரமும் பாதைக்கு மேல கை கோத்துக்கிட்டு நிக்குது. வடக்குப் பக்கத்து மரத்துல கூடு இருக்கு.

எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு அடுத்த வாரம் நேர்லயே போனேன். தூர் பறிக்க ஜேசிபி வேணும் சித்தப்பா. ஒரு மரத்துக்கு இருபது நிமிஷம்னு வச்சா நாப்பது மரத்துக்கு பதிமூணு மணி நேரம் சொச்சம், ரெண்டு நாள் வாடகை. அறுத்த துண்டை ஓரம் கட்ட நம்ம டிராக்டரும் டிரெய்லரும் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு நாள் வேலைக்கு லோன் போட்டு பாப்கேட் எதுக்கு? அதுவும் அந்த வண்டியில ஏறணும்னா முன்பக்கமா, தூக்குற கைக்கு நடுவுல, பக்கெட்டைத் தாண்டி ஏறணும். கையைத் தூக்கி வச்சிட்டு பூட்டுக்கட்டை போடாம அடியில தலையைக் குடுத்துச் செத்தவங்க எத்தனையோ பேரு. உங்களுக்கு முட்டி வேற வலிக்குது.

"வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்டிறலாம்டா."

"யாரு ஓட்டுவா?"

பதில் இல்ல. கொஞ்ச நேரம் தென்னையையே பாத்துக்கிட்டு இருந்தார். அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. கிழக்கு வரப்புல வேலியை ஒரு பத்தடி பிரிச்சா, பக்கத்துத் தோட்டம் வழியா ஜேசிபி சுலபமா உள்ள வந்துடும், மாமரத்தைத் தொடவே வேணாம். எல்லாருக்கும் தெரிஞ்ச வழிதான். ஆனா அந்தத் தோட்டத்துக்காரரோட ஒரு வரப்புத் தகராறுல பத்து வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கிட்ட போய் நிக்கிறதுக்குப் பதிலா மூணடி அகல மிஷினை லட்சக்கணக்குல கடன் வாங்கி வாங்கிடலாம்னு மனுஷன் முடிவு பண்ணியிருக்கார்! நான் ரெண்டு வாரமா டார்க்கும் டிப்பிங் லோடும் படிச்சிட்டிருந்திருக்கேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அப்பத்தாவே கம்பை ஊனிக்கிட்டுக் கிளம்பிருச்சு. நானும் பின்னாடியே போனேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கயித்துக்கட்டில்ல உக்காந்திருந்தார். எந்திரிச்சு, "வாங்க அத்தை"ன்னார். அப்பத்தா வரப்பைப் பத்திப் பேசவே இல்ல. மாமரம், அணில், ஜேசிபின்னு நேரா விஷயத்துக்கு வந்துச்சு.

அவர் கேட்டுட்டு, "எனக்கும் ஒம்பது மரம் பட்டு நிக்குது. வண்டி என்னைக்கு வருதுன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க"ன்னார்.

வண்டி ராஜபாளையத்துல இருந்து வந்துச்சு. ரெண்டு நாள்னு நான் போட்ட கணக்கு ரெண்டே முக்கால் நாளாச்சு, அவரோட ஒம்பதையும் சேத்து. வேலியைத் திரும்ப அடைக்கல.